கைக்குள் கதைப்பது

கண் தெரியாத, காது கேளாத ஹெலன் கெல்லரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் தண்ணீர்ப் பம்படி நினைவிருக்கும். 1887 ஏப்ரல் 5. அமெரிக்காவின் அலபாமாவில் டஸ்கம்பியா என்ற சிற்றூர். ஏழு வயது நிரம்பாத பிள்ளையின் ஒரு கையில் தண்ணீர் கொட்டுகிறது. மற்றக் கைக்குள் அவளுடைய ஆசிரியை ஆன் சலிவன் தண்ணீர் என்று விரல்களால் எழுத்துக் கூட்டுகிறார். பிள்ளைக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. பாடமும் அந்த இடத்தோடு முடிந்துவிடும்.

எனக்கு அந்தப் பாடத்தின்மேல் கோபம் உண்டு. அது நடந்த விஷயம்தான், பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளையே சொல்லிச் சொல்லி, அதற்கு முந்திய மாதத்தையும் பிந்திய வருடங்களையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். கண்ணும் காதும் சரியாக இல்லாத பிள்ளை பிறந்த வீட்டில் இந்தக் கதை என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அங்கே எல்லோரும் ஒரு பம்படிக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கம், என் தம்பி வீட்டைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அது அவன் மனைவியின் தாய்வீடு. அம்மம்மாவும் கூடவே இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். பெண்பிள்ளையைச் சின்னவள் என்றே எழுதுகிறேன்.

சின்னவள் குறைமாதத்தில் பிறந்தவள். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, சில பிள்ளைகளுக்கு விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். அவளுக்கு அதுதான் நடந்தது. காது கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. முழு இருட்டு, முழு அமைதி என்று நினைத்துவிடாதீர்கள். கண், காது இரண்டிலும் குறைபாடு உள்ள பிள்ளைகளில் அநேகருக்கு இரண்டில் ஏதாவது ஒன்று கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். சின்னவளுக்கு இடது கண்ணால் யன்னல் வெளிச்சம் தெரியும். பக்கத்தில் தவில் அடித்தால் தலையைத் திருப்புவாள்.

காரணங்கள் வேறும் உண்டு. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். 1964, 65 இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவால் அப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிறந்தார்கள். இலங்கையில் 1996 முதல் ருபெல்லாத் தடுப்பூசி போடுகிறார்கள். 2020 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கை அந்த நோயை ஒழித்துவிட்டது என்று உறுதிப்படுத்தியது. நர்ஸ் மிஸ்மார் வீடு வீடாக நடந்து செய்த வேலை அது, அவர்களுக்குக் கைகூப்ப வேண்டும். இன்னொன்று அஷர் நோய். பிறக்கும்போதே காது கேளாது, வளர வளர இராப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும். தாய், தகப்பன் இரண்டு பேரிடமும் அந்த மரபணு இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். ஆகவே நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்புக் கூடுதல். காது கேளாத பிள்ளை பொழுதுபட்டால் தட்டுத் தடுமாறுகிறது என்றால், கண்ணையும் காட்டுங்கள்.

சரி, சின்னவளுக்கு வருவோம். பள்ளிக்கூடம் தேடி அலைந்த கதையை நீட்ட விரும்பவில்லை. காது கேளாத பிள்ளைகளை எடுக்கும் ஓர் இடத்தில், "கண் தெரியாத பிள்ளையை நாங்கள் எப்படிப் பார்ப்பது?" என்றார்கள். கண் தெரியாதவர்களுக்கான இன்னோர் இடத்தில், "காது கேளாதே, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மச்சாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளைக்கு அவள் ஏன் குலுங்குகிறாள் என்று தெரியாது. கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தது.

அப்படி இருக்கும்போதுதான் ரீச்சர் வந்தார். உவர்மலையில் இருப்பவர். காது கேளாத பிள்ளைகளுக்கு நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வேறொரு வீட்டு விசேஷத்தில் தற்செயலாகச் சின்னவளைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமையே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

வந்தவர் எதையும் படிப்பிக்கவில்லை. பாயில், பிள்ளைக்குப் பக்கத்தில், முழங்காலோடு முழங்கால் தொட உட்கார்ந்தார். சின்னவள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள், அது அவளுடைய பழக்கம். ஆடாதே என்று பிடித்து நிறுத்துவதுதான் வீட்டில் எல்லோரும் செய்வது. ரீச்சர் அவளோடு சேர்ந்து ஆடினார். அவள் நிறுத்தினால் நிறுத்தினார். அவள் தொடங்கினால் தொடங்கினார். அம்மம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றப் போனார். இப்படியே சில நாள் போனது. பிறகு ஒருநாள், இரண்டு பேரும் நிறுத்தியிருந்த நேரத்தில், சின்னவள் தன் கையால் ரீச்சரின் முழங்காலைத் தள்ளினாள். ஆடு என்று. ரீச்சர் ஆடினார்.

என்னைக் கேட்டால், பம்படியைவிட இதுதான் பெரிய விஷயம். இந்த உலகத்தில் நான் ஒன்று செய்தால் இன்னொருவர் பதிலுக்கு ஒன்று செய்வார் என்பது அந்தப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டும். அது தெரியாத பிள்ளைக்கு ஆயிரம் சொல் கொடுத்தும் பயனில்லை, யாரிடம் அதைச் சொல்வது? நெதர்லாந்தில் யான் வான் டைக் என்பவர் 1960களில் ருபெல்லாவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்து இந்த முறையைத்தான் வகுத்தார். பிள்ளையின் அசைவில் நீ சேர்ந்துகொள், அதிலிருந்து கதையைத் தொடங்கு.

இரண்டாவதாக ரீச்சர் செய்தது வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டது. சொல்லாமல் பிள்ளையைத் தொடக்கூடாது, தூக்கக்கூடாது. முதலில் புறங்கையில் மெதுவாகத் தொட வேண்டும். பிறகு நான் யார் என்று காட்ட வேண்டும். அம்மாவுக்குப் பின்னல், அப்பாவுக்குத் தாடி, அம்மம்மாவுக்குக் காதுத் தோடு, மாமி எனக்குக் கைக்கடிகாரம், ரீச்சருக்கு முறுக்கு வளையல். அவள் கையைக் கொண்டுபோய் அதில் வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். அந்த வீட்டில் அன்புக்குக் குறைவே இருந்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். எங்கிருந்தோ இரண்டு கை வரும், தூக்கும். தலையில் தண்ணீர் விழும். வாய்க்குள் சோறு வரும். எது வருகிறது, எப்போது வருகிறது, யார் செய்கிறார்கள், ஒன்றும் தெரியாது. அவள் கத்திக் கையைக் கடித்ததைப் பிடிவாதம் என்றார்கள். சட்டம் வந்த பிறகு கடி குறைந்தது.

மூன்றாவது, கைக்குக் கீழே கை. எதையாவது காட்ட வேண்டும் என்றால் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து வைப்பதில்லை. ரீச்சரின் கை கீழே இருக்கும், அதன்மேல் பிள்ளையின் கை சவாரி செய்யும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். கண் தெரியாத, காது கேளாத பிள்ளைக்குக் கைதான் கண், கைதான் காது, கைதான் வாய். அதைப் பிடித்து அமுக்குவது ஒரே நேரத்தில் மூன்றையும் பொத்துவது.

இந்த இடத்தில் ஆன் சலிவனோடு எனக்கு ஒரு பிணக்கு. அவர் வந்த புதிதில் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டையை வெற்றிக் கதையாகவே சொல்வார்கள். மற்றவர்களின் தட்டில் கைவிட்டுச் சாப்பிட்ட ஹெலனை, அறைக் கதவைப் பூட்டிவிட்டு, கரண்டியால் சாப்பிடும்வரை, துண்டை மடித்து வைக்கும்வரை ஆன் விடவில்லை. முதலில் கீழ்ப்படிவு, அதன் வழியாகத்தான் அறிவு என்று அவர் நம்பினார். ஆனுக்கு அப்போது வயது இருபது. அவர் வளர்ந்த விதமும் அப்படி. தாய் செத்து, தகப்பன் விட்டுப்போய், 1876 இல் தம்பியோடு ஓர் ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டவர். தம்பி அங்கேயே இறந்தான். கண்நோயால் பார்வை மங்கி, பதினான்கு வயதில்தான் பொஸ்டனில் பேர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு வந்து எழுத்துப் படித்தார். அப்படிப்பட்ட ஒருவருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாததில் வியப்பில்லை. அந்த உறுதி இல்லாவிட்டால் ஹெலன் கிடைத்திருக்க மாட்டார் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சண்டையைப் பார்த்துப் பிள்ளையைப் பணிய வைப்பதுதான் முதல் பாடம் என்று எடுத்துக்கொள்பவர்களிடம் எனக்குப் பயம். உறுதி என்பது பிள்ளையோடு மல்லுக்கட்டுவதில்லை என்பதை எங்கள் ரீச்சரிடம் பார்த்தேன். அவருடைய உறுதியெல்லாம் நாள் தவறாமல் வருவதில் இருந்தது.

இனிப் பம்படிக்கு முந்திய மாதம். ஆன் வந்தது 1887 மார்ச் 3. கொண்டுவந்த பொம்மைக்கு உடுப்புத் தைத்தவர் லோரா பிரிட்ஜ்மன். ஹெலனுக்கு ஐம்பது வருடம் முன்பே, 1837 இல், அதே பேர்கின்ஸ் பள்ளியில் சாமுவேல் ஹவ் என்ற மருத்துவரிடம் மொழி கற்ற, கண்ணும் காதும் இல்லாத பெண். ஹவ் கரண்டி, திறப்பு போன்ற பொருட்களில் மேடான எழுத்துச் சீட்டுகளை ஒட்டிப் படிப்பித்தார். ஆன் விரல் எழுத்தைப் பழகியது லோராவோடு கதைக்கத்தான். ஆக, அந்த அலபாமா வீட்டுக்கு ஆன் வெறுங்கையோடு வரவில்லை.

வந்த நாளிலிருந்தே பொம்மையைக் கொடுத்துக் கைக்குள் எழுத்துக் கூட்டினார். ஹெலன் அதை விளையாட்டாகத் திருப்பிச் செய்தாள். வீட்டு நாய் வந்தபோது, அதன் பாதத்தைப் பிடித்துப் பொம்மை என்று எழுத்துக் கூட்டப் பார்த்தாள். இதை ஆன் தன் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். அர்த்தம் தெரியாது, ஆனால் கைக்குள் இப்படி ஏதோ செய்வார்கள், நானும் யாருக்காவது செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும் வந்துவிட்டது. மார்ச் முடிவில் பதினெட்டுப் பெயர்ச்சொற்களும் மூன்று வினைச்சொற்களும் அவளுக்குத் தெரியும் என்று ஆன் கணக்கு எழுதினார். தண்ணீரும் அந்தப் பட்டியலில் இருந்தது! கோப்பைக்கும் பாலுக்கும்தான் குழப்பம், இரண்டுக்கும் குடிப்பது போலவே காட்டினாள். பம்படியில் விளங்கியது எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு என்பது. அது வெறும் நிலத்தில் முளைக்கவில்லை.

பிந்தியதுதான் இன்னும் முக்கியம். சில நாளில் ஆன் ஒரு முடிவுக்கு வந்தார். ஹெலனின் சொந்தக்காரக் கைக்குழந்தை ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைக்கு யாரும் மொழிப் பாடம் எடுக்கவில்லை. பதில் பேசத் தெரிவதற்கு முன்பே எல்லோரும் அதனோடு பேசினார்கள், அது விளங்கிக்கொண்டது. அப்படியானால் குழந்தையின் காதில் பேசுவதுபோல ஹெலனின் கையில் பேசுவேன், முழு வசனமாகப் பேசுவேன் என்று எழுதினார். நேரசூசி போட்டு நடத்திய பாடங்களை விட்டார். விசேஷமான கற்பித்தல் முறைகள் எல்லாவற்றின்மீதும் தனக்குச் சந்தேகம் வருகிறது என்று அடுத்த மாதமே எழுதினார். இந்த ஆனோடு எனக்குப் பிணக்கே இல்லை.

எங்கள் அம்மம்மா இதை வாசித்ததில்லை. ஆனால் கேள்வி அதேதான். ரீச்சர் மழை பெய்கிறது, அப்பா இன்னும் வரவில்லை, அண்ணன் கோபமாக இருக்கிறான் என்று சைகையில் சின்னவளின் கையைத் தன் கைமேல் வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"பிள்ளைக்கு விளங்காததை ஏன் ரீச்சர் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறீங்க?"

"மூத்தவன் பிறந்த நேரம் அவனுக்கு விளங்கின பிறகா அம்மா நீங்க கதைக்கத் தொடங்கினீங்க?"

அம்மம்மா அன்று பதில் சொல்லவில்லை. இப்போது அந்த வீட்டில் சின்னவளின் கைக்குள் கூடுதலாகக் கதைப்பது அவர்தான். ஊர்ச் செய்தி எல்லாம் அவளுக்குப் போய்விடும்.

பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி ஒரு நீளப் பலகையில் வரிசையாகத் தட்டுகள் அடித்துக் கொடுத்தான். காலையில் அந்த நாளில் நடக்கப் போகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் அதில் வரும். சாப்பாட்டுக்குக் கரண்டி. குளிப்புக்குப் பீர்க்கங்காய்த் தும்பு. ஆட்டோவுக்கு இருக்கை ரெக்சின் துண்டு. கடற்கரைக்குச் சோகி. கோயிலுக்குச் சின்ன மணி. பிள்ளை இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டு போவாள். ஒன்று முடிந்தால் அந்தப் பொருளை எடுத்து, கடைசியில் இருக்கும் மூடி போட்ட பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். இதுவும் வான் டைக் வழியில் வந்தது. பார்க்கிற பிள்ளை அடுப்பில் புகையைக் கண்டு சாப்பாடு வரும் என்று தெரிந்துகொள்ளும். கேட்கிற பிள்ளை வாளிச் சத்தத்தில் குளிப்பை அறியும். இவளுக்கு அந்த முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. அடுத்தது என்ன என்று தெரிந்த நாளிலிருந்து அவள் முகமே வேறு.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டும் என்று ரீச்சர்தான் சொன்னார். ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்று கதை. இன்றும் அந்தியேட்டிக்கு வருகிறார்கள். எனக்கு அது ஒரு பார்க்கிற இடமாகத்தான் இத்தனை வருடம் தெரிந்திருந்தது. பார்க்க அங்கே என்ன இருக்கிறது? அது தொடுகிற இடம். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளித் தண்ணீரில் கை வைத்தாள், ரீச்சர் ஒவ்வொரு முறையும் சூடு, இது கூட, இது கொஞ்சம் என்று சொன்னார். சுற்றி நின்றவர்கள் பாவம் என்றார்கள். ஒரு அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "பிள்ளைக்கு எப்படி வணக்கம் சொல்றது?" என்று கேட்டார். புறங்கையைத் தொடச் சொன்னோம். தொட்டார். சின்னவள் அவர் வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் தடவினாள்.

அன்று எந்த அற்புதமும் நடக்கவில்லை. அவள் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த சட்டையோடு ஆட்டோவில் தூங்கிவிட்டாள். கொஞ்ச நாளைக்குப் பிறகு வீட்டில், அம்மம்மாவின் தேத்தண்ணிக் கோப்பையில் கை பட்டதும் பின்னால் இழுத்து, அம்மம்மாவின் கையைத் தேடிப் பிடித்து, சூடு என்று காட்டினாள்.

எழுத்துக்கு எப்போது போவது என்பது இப்போதைய பேச்சு. ஆங்கிலத்தை விரலால் கூட்ட 26 எழுத்துப் போதும். தமிழில் 247 என்று பயப்படத் தேவையில்லை, பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் தெரிந்தால் மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் புள்ளி எழுத்து அப்படித்தான் செய்கிறது. நாம் அச்சில் கொ என்று எழுதும்போது கொம்பு முன்னுக்கு, கால் பின்னுக்கு, நடுவில் க. பிரெயிலில் ககரம் முதலில், ஒகரம் அடுத்து. வாய் சொல்கிற ஒழுங்கிலேயே விரலுக்கு வருகிறது. அ என்றால் ஒரே ஒரு புள்ளி. அவசரம் இல்லை என்கிறார் ரீச்சர். சைகையில் கதை நிறையச் சேரட்டும், சொல்ல ஒன்றும் இல்லாதவளுக்கு எழுத்து எதற்கு என்கிறார். மச்சாளுக்கு அவசரம், பள்ளிக்கூடம் கேட்கிறது எழுத்துத்தானே. இரண்டு பேர் பக்கமும் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நான் ரீச்சர் பக்கம்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. ஆன் சலிவன் 1936 இல் இறக்கும்வரை, நாற்பத்தொன்பது வருடம் ஹெலனோடு இருந்தார். ராட்கிளிஃப் கல்லூரியில் பக்கத்தில் இருந்து விரிவுரைகளைக் கைக்குள் எழுத்துக் கூட்டினார். பிரெயிலில் இல்லாத புத்தகங்களை வாசித்துச் சொல்லி, ஏற்கனவே பழுதான தன் கண்களை மேலும் கெடுத்துக்கொண்டார். ஹெலன் 1904 இல் பட்டம் வாங்கினார். அந்தப் படிப்புக்கு ஒரு மனுஷியின் முழு வாழ்க்கை போயிருக்கிறது. எங்கள் ரீச்சருக்கு வயது போகிறது, முழங்கால் வலியோடுதான் பாயில் உட்காருகிறார். இதை அவர் ஒருவரின் நல்ல மனதில் விட்டுவைப்பது நியாயமில்லை. மாவட்டத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்த வேலையைச் சம்பளத்தோடு, பயிற்சியோடு செய்ய வேண்டும். ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், ஒருநாள் வந்து அந்தப் பாயில் இருந்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பெட்டிகளைத் தடவிக்கொண்டு போன சின்னவள், பீர்க்கங்காய்த் தும்பில் கை வைத்தாள். எடுத்தாள். குளிக்காமலே அதைக் கொண்டுபோய் முடிந்த பெட்டிக்குள் போட்டு மூடியையும் போட்டுவிட்டாள். மச்சாள் அதை எடுத்து மறுபடி வைக்கப் போனாள், ரீச்சர் தடுத்தார். "அவ வேண்டாம் எண்டு சொல்லிட்டா. முதல் தரம் சொல்லியிருக்கிறா. இண்டைக்குக் கேட்கத்தான் வேணும்." அன்று குளிப்பு இல்லை. அம்மம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, வெயில் நாளில் குளிக்காமல் பிள்ளையைப் படுக்க வைப்பதா என்று மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் ரீச்சர் தம்பியிடம் இன்னொரு பலகை கேட்டார். இன்றைக்கு வேண்டாம் என்றால் நாளைக்கு என்று சொல்ல ஓர் இடம் வேண்டுமாம். தம்பி அளவு எடுத்துக்கொண்டு பெரியகடைக்கு ஆணி வாங்கப் போயிருக்கிறான்.